மேசைக்குக் கீழே கிடந்த பார்சல்

"இன்னும் நம்மட ஏறாவூரிலதான் கிடக்குதாம்!"

றுமைஸா ஃபோனைக் கட்டிலில் எறிந்தாள். அது துள்ளி அடங்குவதற்குள் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

"என்ன கிடக்குது?" வேலை முடிந்து அப்போதுதான் வந்த இல்ஹாம், மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"பார்சல்தான். பகல் பன்னிரண்டு மணிக்கே கூரியர்ல குடுத்தன். நாலு மணி லொறியும் போயிட்டு. பக்கத்து வீட்டு பஹ்மி விக்கிற ஃபோன் கவர் எல்லாம் அதில ஏறிப் போயிட்டு. எண்ட மட்டும் போகல்ல."

காலையில் பாலர் பாடசாலையில் டீச்சர், பகலில் கூனி இறால் சம்பல். றுமைஸா ஒன்லைனில் போத்தல் சம்பல் விற்கத் தொடங்கி இரண்டு மாதம். 'ருசி அபாரம்', 'பெக்கிங் சுப்பர்' என்று ஐந்து ஐந்து நட்சத்திரமாக வந்து விழுந்தது.

தாமதம்தான் தலையிடி. ஓடர் வந்த மறுநாளுக்குள் பார்சல் ஊரை விட்டுப் புறப்படாவிட்டால் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் ஒன்லைன் கடையை மூடிவிடுவார்கள். இன்றையதோடு அவளுக்கு இரண்டு.

"எல்லாம் அந்தப் பாறூக் காக்காட வேலை. கவுண்டரில இருந்துக்கிட்டு எண்டதை மட்டும் புடிச்சு வைக்கிறார்."

"அவருக்கு உன்னோட என்ன கோவம்?"

"பொம்பிள ஒருத்தி நாலு காசு உழைச்சா சில பேருக்குக் கண் எரியும்."

"ஒருக்கா நிதானமாக் கேட்டுப் பாரேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் தாண்டியிருந்தாள்.

கூரியர் கவுண்டரில் பாறூக் யாருடையதோ ஒரு பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில், மேசைக்குக் கீழே, தனியாகக் கிடந்தது அவளுடைய பை.

"பாறூக் காக்கா, அது எண்டதானே?"

"ஓம் டீச்சர்."

"லொறி வந்துட்டுப் போயிட்டுத்தானே?"

"நாளைக்குப் போகும். டீச்சர், இந்தப் போத்தலுக்கு வந்து..."

"போத்தலுக்கு என்ன? மூடி இறுக்கித்தான் இரிக்கி. ஒங்களுக்கு வேலை செய்ய ஏலாட்டி ஏலாதெண்டு செல்லுங்க!"

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாறூக் குனிந்து ஸ்டிக்கரைத் தடவினார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

தெருவில் நின்றபடியே கூரியரின் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் அடித்தாள். பார்சல் இலக்கத்தைச் சொன்னாள். "வேணுமெண்டே ஒளிச்சு வைக்கிறார். எண்ட கண்ணால கண்டன்" என்றாள்.

அடுத்த கிழமை கவுண்டரில் ஒரு புதுமுகம். அம்னா என்று பெயர்.

"பாறூக் காக்காவ வாழைச்சேனைக்கு மாத்திட்டாங்க. இனி நான்தான்" என்றாள் அம்னா.

உள்ளே என்ன என்று அவள் கேட்கவில்லை; அன்றைய பார்சல் அன்றைக்கே லொறி ஏறியது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக றுமைஸா ஃபோனைப் பார்க்காமல் சோறு தின்றாள்.

மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. எண்ணெய் ஊறிய பை. அதற்குள் சம்பலும் கண்ணாடித் துண்டுகளும். கீழே ஒற்றை நட்சத்திரம். அனுப்பியவர் குருநாகல் ஸைனம்பு. நான்கு தடவை ஓடர் பண்ணிய பழைய வாடிக்கை.

றுமைஸா பதறிக்கொண்டு அழைத்தாள்.

"ராத்தா, எண்ட போத்தல் இதுவரைக்கும் ஒண்டுகூட உடைஞ்சதில்லை. வழியில எங்கயோ தூக்கிப் போட்டிருக்காங்க."

"தூக்கிப் போடத்தான் செய்வாங்க தங்கச்சி. முந்தி மட்டைப் பெட்டியில, போத்தலுக்கு நடுவில பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் துண்டு வெட்டி வச்சு எவ்வளவு வடிவா அனுப்புனீங்க! இந்த முறை வெறும் பேப்பரைச் சுத்திப் பையில போட்டிருக்கீங்க. ஏன் அப்படி?"

றுமைஸா என்றைக்கும் பேப்பரைச் சுற்றிப் பையில்தான் போட்டாள். மட்டைப் பெட்டியை அவள் கண்ணால் கண்டதே இல்லை.

அம்னாவிடம் ஓடிப்போய் பாறூக்கின் இலக்கத்தை வாங்கினாள். தெருவிலேயே நின்று அழைத்தாள்.

"பாறூக் காக்கா, எண்ட போத்தலுக்குப் பெட்டி போட்டது நீங்களா?"

"பழைய பெட்டிதான் டீச்சர். பக்கத்து மருந்துக் கடையில கேட்டு எடுக்கிற. கவுண்டரை மூடினாத்தான் வெட்டி ஒட்ட நேரம் கிடைக்கும். அதான் ஒரு நாள் பிந்தும்."

"நீங்க ஏன் அதைச் செய்யணும்?"

"கண்ணாடிச் சாமானைப் பெட்டியில்லாம ஏத்தக் கூடாது, திருப்பிக் குடுக்கணும் எண்டுதான் சட்டம். புதுசாத் தொடங்குற எத்தினையோ பேர் முதல் பார்சல் திரும்பினதோட வியாபாரத்தையே விட்டுட்டுப் போனதக் கண்டிருக்கன். செல்லித் தரலாமெண்டாலும் நீங்க நிண்டு கேக்கிற ஆளா?" பாறூக் சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை.

"காக்கா, ஒங்களுக்கு மேல முறைப்பாடு குடுத்தது நான்தான்."

"தெரியும். விசாரணைக் கடதாசியில ஒங்கட பேர் இருந்திச்சு."

"அல்லாஹ்வே! அப்ப நடந்ததை அவங்களுக்குச் செல்லியிருக்கலாமே?"

"செல்லியிருந்தா ஒங்கட போத்தலை இனி எடுக்கவே வேணாமெண்டிருப்பாங்க டீச்சர். அதான், 'ஏத்த மறந்துபோயிட்டன்' எண்டு எழுதிக் கையெழுத்து வச்சிட்டன்."