மஞ்சள் மணி இருந்த இடம்

ஜன்னலுக்கு வெளியே ஏரி எந்த நிறத்தில் கிடக்கிறதோ, அந்தப் பருவத்துக்கு அந்த நிறத்துப் பாசிமணிகளைத்தான் கமலினி மாலையாகக் கோப்பாள். சித்திரைக்கு வெடித்த சேறும் காய்ந்த நாணலும். ஐப்பசிக்குச் சாம்பல், பச்சை, கலங்கிய பழுப்பு, நடுவில் ஒரே ஒரு மஞ்சள். அது மழையில் கரையோரம் சைக்கிளில் போகும் ஒருவருடைய மழைக்கோட்டு. ஜன்னலுக்கு நேராக வந்ததும் நிமிர்ந்து பார்த்து ஒருமுறை பெல் அடிப்பார். இருபது வருடங்களில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். இந்த ஐப்பசியில் அவர் வரவேயில்லை.

மாடியேறி வந்த பெண் ஒரு பழைய ஐப்பசி மாலையை நீட்டினாள். இன்னொரு உள்ளங்கையில் மஞ்சள் மணி தனியாக இருந்தது.

“அம்மாவோடதுங்க. இதைச் சேர்த்துக் கோத்துத் தரணும்.”

மாலையின் நடுவில் கமலினி போடாத முடிச்சு ஒன்று, அழுக்கேறிக் கறுத்திருந்தது.

“இது தானா அறுந்தது இல்லையேம்மா.”

“வாங்கின அன்னைக்கே அம்மாதான் அந்த மணியை எடுத்துட்டாங்களாம். முந்தாநாள் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் முடிஞ்சுது. இன்னைக்குப் பெட்டியிலேருந்து எடுத்துக் குடுத்து, இருந்த இடத்துலயே கோத்து வாங்கிட்டு வான்னாங்க.”

ஊசிக்காதில் நூல் ஏறவில்லை.

“அம்மா வரலையா?”

“மேல வரமாட்டேன்னுட்டாங்க. கரையில நிக்கிறாங்க.”

கமலினி ஜன்னலுக்குப் போனாள். தூறலில், மஞ்சள் மழைக்கோட்டுக்குள் ஒரு பெண் சைக்கிளைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களை மூடியிருந்த கோட்டின் நீளக் கையை மெல்ல மேலே தள்ளிவிட்டு, ஒருமுறை பெல் அடித்தாள்.