முன்கூட்டியே வந்த ஆம்புலன்ஸ்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூரில் ஆம்புலன்ஸ்கள் அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை. யார் எங்கே மயங்கி விழுவார் என்று கணினி காலையிலேயே சொல்லிவிடும். வண்டி முன்னதாகவே போய் நிற்கும்.

ஓட்டுநர் தணிகாசலம் பதினோரு மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னைக்கு உங்க வாசல்ல ஒருத்தர் விழுவாரும்மா. ஆம்பளை, வயசு அம்பத்திரெண்டு."

கதவைத் திறந்த ரெஜினா விழித்தாள். "இங்க நானும் என் பொண்ணும்தாங்க. ஆம்பளையே இல்லியே!"

அவர் முகவரியை மூன்று முறை சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஸ்ட்ரெச்சரோடு வாசலிலேயே நிற்க வேண்டும் என்பது விதி. நின்றார். போகிற வருகிற ஆண்களையெல்லாம் நிறுத்தி வயது கேட்டார். தபால்காரருக்கு முப்பது. இளநீர்க்காரருக்கு அறுபது. மணி இரண்டாயிற்று.

ரெஜினா மோர் கொண்டுவந்தாள்.

"நோயாளி வீட்ல எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாதும்மா. ரூல்ஸ்."

வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்த அவருடைய சட்டையை அவள் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, உங்களுக்கு என்ன வயசு?"

தணிகாசலம் மோருக்குக் கை நீட்டினார். டம்ளர் இரண்டாகத் தெரிந்தது.