மண்டியிட்டவன்

பொம்மை தலைகீழாகத் தொங்கிக்கொண்டே மேலே வந்தது.

கண்ணாடித் தொட்டி நிறையப் பழுப்பு நிறப் பிசின். அதிலிருந்து முதலில் கால்கள், பிறகு இடுப்பு, கடைசியாக முகம். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு சிப்பாய், கொழகொழவென்று சொட்டிக்கொண்டிருந்தான்.

கசாப்புக் கடையில்கூட முகத்தோடு தொங்கவிட மாட்டார்கள் என்று நினைத்தார் பெரியவர். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

கடையில் அலமாரி என்று ஒன்றுமில்லை. சுவர் முழுக்கத் திரை. அதில் வரிசையாக முகங்கள், உயிரோடு நடமாடும் மனிதர்களின் முகங்கள். விரலால் தொட்டு ஒரு முகத்தை எடுக்கலாம், அதற்கு ஒரு சீருடை போடலாம், வெட்டச் சொல்லலாம், சாகச் சொல்லலாம். டீ ஆறுவதற்குள் பொம்மை கைக்கு வந்துவிடும். மேஜையில் போர் நடத்தி விளையாடுவார்களாம்.

முகத்தை விற்றுப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தூ.

அவர் வீட்டுக் கூடத்தில் பாட்டனார் தொடங்கி அப்பா வரைக்கும் எல்லோரும் சீருடையில் நிற்கிறார்கள். படத்துக்காகக்கூட ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

அந்த வம்சத்து முகத்தைத்தான் நேற்று சம்பந்தி வீட்டில் பார்த்தார். வரப்போகிற மாப்பிள்ளையின் மேஜையில், ஓடுகிறவனுக்கும் செத்துக் கிடக்கிறவனுக்கும் நடுவே, இரண்டு கையையும் தூக்கி மண்டியிட்ட ஒரு சிப்பாய். அச்சு அசல் அவர் முகம்.

"சம்பந்தி, எந்தப் போர்ல சரணடைஞ்சீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

வீடே சிரித்தது. அவர் கையிலிருந்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். மகள் அந்த வீட்டில்தான் வாழப்போகிறாள். காலம் முழுக்க இந்தச் சிரிப்பையா அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்?

இன்று கடைக்குக் கிளம்பியபோது சம்பந்தியும் தொற்றிக்கொண்டார். "நீங்க வண்டியிலேயே இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இவர் உள்ளே நுழைந்தார். கடைக்காரப் பெண்ணின் முன்னால் அந்த மண்டியிட்ட பொம்மையை வைத்தார்.

"யாரைக் கேட்டு என் முகத்தை எடுத்தீங்க?"

அவள் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். பொம்மையை லென்சுக்கு அடியில் வைத்தாள். திரையில் முகம் தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்க இல்லீங்க ஐயா. உங்க மச்சம் வலது கன்னத்துல இருக்கு. இவருக்கு இடது."

அவர் கை கன்னத்துக்குப் போனது. வலதுதான்.

தினமும் காலையில் சவரம் செய்யும்போது எதிரே தெரிகிற முகம்தான் இது. அதனால்தான் சந்தேகமே வரவில்லை. கண்ணாடிக்குள் இருக்கிற அதே முகத்தோடு வெளியே நடமாட இன்னும் ஒருவனால்தான் முடியும். அம்மா மச்சத்தைப் பார்த்துத்தான் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரில் யார் யார் என்று கண்டுபிடிப்பாள்.

"அவரே தேடி வந்து குடுத்தாருங்க" என்றாள் அவள். "எல்லாரும் கொடி புடிக்கணும், குதிரைல ஏறணும்னுதான் கேப்பாங்க. இவர் மட்டும், மண்டி போட்ட மாதிரி செஞ்சா போதும், அதுதான் எனக்குப் பழக்கம்னு சிரிச்சாரு."

போரில் சரணடைந்து, சிறையில் கிடந்து, எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றவன். மண்டி போட்டவன் என் பிள்ளை இல்லை என்றார் அப்பா. கதவைச் சாத்தியது இவர்தான். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "நான் ஒரே பிள்ளை." சம்பந்தியிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

வாயெல்லாம் கசந்தது. பிசின் நாற்றம் நாக்கில் ஏறிவிட்டதைப் போல இருந்தது.

"இந்த முகத்தை எடுத்துடுங்க. இனிமே ஒண்ணுகூட விக்கக் கூடாது."

"அவர் வந்து சொன்னா எடுத்துடலாம். ஆனா அவர் போய்ச் சேர்ந்துட்டாரே, மழைக்கு முன்னாடி." அவள் ஒரு உலோகத் தகட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இதுல கையை வெச்சா போதும். ரத்தம் அதுவே சொல்லிடும். எனக்கு யாருமே இல்லைன்னு சொன்னாரு, பாவம்."

தகடு முழுக்க யார் யாரோ வைத்துவிட்டுப் போன பிசுக்கு.

அவர் கை நீண்டது. தகட்டுக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு திரும்பி வந்துவிட்டது. எதையும் தொடாத அந்தக் கையைக் கைக்குட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

கதவு திறந்தது. எவ்வளவு நேரம்தான் சம்பந்தியால் வண்டியில் உட்கார்ந்திருக்க முடியும்?

"என்ன சம்பந்தி, துப்புக் கிடைச்சுதா? யார் மூஞ்சியாம்?"

கடைக்காரப் பெண் வாயைத் திறந்தாள்.

அதற்குள் பெரியவர் லென்சுக்கு அடியிலிருந்த பொம்மையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"என்னுதுதான். நானேதான் வந்து குடுத்தேன். மறந்துட்டேன்."

"மண்டி போட்டுக்கிட்டா?"

"ஆமா. மண்டி போட்டுக்கிட்டுத்தான்."

சம்பந்தியின் சிரிப்பில் கடையே அதிர்ந்தது. பெரியவர் அசையவில்லை. அவள் மட்டும் அவருடைய வலது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.