இடித்தது யார்?

"கதவைத் திறக்காதையும். அந்தக் கொரியாக்காரன் திரும்பவும் வந்து நிக்கிறான்."

ஸ்ரீஸ்கந்தராஜா குரலைத் தாழ்த்திச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி சந்திரகாந்தி கதவைத் திறந்துவிட்டாள்.

மேல்வீட்டுப் பாக், வாசலிலேயே சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். சுரங்க வேலைக்காக ஜேர்மனியின் எசன் நகரத்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட மனிதர். சப்பாத்தைக் கழற்றுகிற வெளிநாட்டுக்காரர் எவரையும் சந்திரகாந்தி நல்லவர் என்று முடிவுகட்டிவிடுவாள். அவள் கணவருக்கு அதுவே சந்தேகம்.

"எங்கட பழக்கவழக்கம் எல்லாம் படிச்சுக்கொண்டு வாறான், பாத்தீரே?"

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த கிழமை நீதிமன்றத்தில் அவருடைய அகதி வழக்கு. வழக்கின் உயிரே யாழ்ப்பாணத்து வீடுதான். நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், தாங்குவதற்குப் பதினாறு தூண்கள். அந்த நாற்சார் வீட்டை இலங்கை ஆமி இடித்துத் தரைமட்டமாக்கியது என்று விசாரணையில் சொல்லியிருந்தார். விசாரித்த அதிகாரி முகத்தைச் சுளித்தார். ஆனால் நம்மவர்கள் நம்பினார்கள். அந்த வீட்டைச் சொல்லித்தான் அவர் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரானார். கூட்டத்துக்குக் கூட்டம் தூண்கள் மட்டும் கூடிக்கொண்டே வந்தன.

பாக் வரும்போதெல்லாம் அந்த வீட்டைப் பற்றித்தான் விசாரித்தார். முற்றம் எந்தத் திசை பார்த்தது, ஓடு சிவப்பா கறுப்பா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும். கடைசியில், தவறாமல், "யார் இடித்தது?"

"அந்த அதிகாரி கேட்ட அதே கேள்வி. இவனை அவங்கள்தான் அனுப்பியிருக்கிறாங்கள்" என்பார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"ஊறுகாய்ப் போத்தலோட ஆரும் உளவு பாக்க வருவினமே?" என்பாள் சந்திரகாந்தி.

இன்று பாக் கொண்டுவந்தது ஊறுகாய் இல்லை, மூன்று புகைப்படங்கள். முதலாவதில் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்த கறுப்பு ஓட்டுக் கூரை, நடு முற்றம், காகிதம் ஒட்டிய கதவுகள். கொரியாவின் சியோல் நகரத்தில் தான் பிறந்த வீடு என்றார். குளிர்காலத்தில் தரைக்கு அடியில் சூடு ஓடுமாம். அந்தச் சூட்டில் படுத்தவனுக்கு ஜேர்மன் கட்டிலில் இன்னும் நித்திரை வருவதில்லையாம்.

இரண்டாவதில் உடைந்த ஓடுகளின் குவியல். மூன்றாவதில் அதே இடத்தில் அடுக்குமாடி, ஒன்றுபோல் ஜன்னல்கள்.

"அடுத்த வருடம் அங்கே ஒலிம்பிக்" என்றார் பாக்.

ஸ்ரீஸ்கந்தராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவர் குரலில், தனக்குத் தெரிந்த ஜேர்மன் அத்தனையையும் திரட்டினார்.

"அரசாங்கங்கள் எல்லாம் ஒன்றுதான். எனக்கு ராணுவம். உங்களுக்கு ஒலிம்பிக்."

பாக் தலையை ஆட்டி மறுத்தார்.

"இல்லை. நான்தான். வீட்டைக் கொடுத்தால் புதிய மாடியில் இடம் உண்டு, கொடுக்கலாமா என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் பழைய ஓட்டுவீட்டுக்காரனாக இருப்பதா? சரி என்று சொல்லிவிட்டேன்."

படங்களை மெல்ல அடுக்கினார்.

"நீங்கள் கொடுத்துவைத்தவர். உங்கள் வீட்டை எதிரி இடித்தான். கோபப்பட ஓர் ஆள் இருக்கிறான். அதைக் கேட்கத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன்."

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. உளவாளி இல்லை. சந்தோஷத்தில் மனைவியிடம் தமிழில் சிரித்தார்.

"சொந்த வீட்டை ஆராவது இடிப்பானே? சரியான விசரன்."

சந்திரகாந்தி தேநீரைப் பாக்கின் முன்னால் வைத்தாள்.

"பாவம், அந்தாள் உள்ளதைச் சொல்லுது. நீங்களும் சொல்லுங்கோவன். றோட்டில ஆரிட்டையும் இல்லாத மேல்மாடி வேணுமெண்டு நீங்கள்தானே அந்த வீட்டை இடிச்சனீங்கள்? உயரத்தில நிண்டு பாக்க நல்ல வசதியெண்டுதானே ஆமி வந்து அந்த மாடியில குந்தினவன்?"

"என்ன சொல்கிறார்?" என்று பாக் ஆவலோடு கேட்டார்.

"தேநீர் ஆறுகிறதாம்" என்றார் சங்கத் தலைவர்.