புறாக்காரன் மனைவி

பிடித்த கையிலேயே மிளகு செல்லமாகக் கொத்தியது. வெள்ளை உடம்பில் கரும்புள்ளி தெளித்த புறா. கூண்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். மற்றவை மொட்டைமாடிச் சுவரோரம் சாக்குக்கடியில் உயிரில்லாமல் கிடந்தன.

முன்பே யார் யாருக்கோ சும்மா கொடுத்துப் பார்த்திருந்தான். கூண்டைத் திறந்தால் போதும், போன வழியே திரும்பி வந்து நின்றன. ஊரே மெச்சப் பழக்கிய பாவம், அவன் தலையிலேயே விடிந்தது.

படிக்கட்டில் இருமல் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் நின்று, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அவன் மனைவி ஏறி வந்தாள்.

"மேல வராதேன்னு சொன்னேன்ல!"

"அதையாவது விட்டுடுங்க. வாயில்லா ஜீவன்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? எதையோ திரும்பத் திரும்ப சுவாசிச்சு உன் நுரையீரல் புண்ணாகிக் கிடக்கு. இங்க புறாத் தூசியை விட்டா வேற என்ன இருக்கு?"

"ரிசல்ட் வரட்டும்னும்தானே சொன்னார்?"

"அதுக்குள்ள நீ போயிட்டா?" அவன் விரல்கள் மிளகின் கழுத்தைச் சுற்றின.

அக்கா வீட்டில் இருந்த ஒரு வாரமும் ஓடியாடித் திரிந்தவள். திரும்பி வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இன்று காலை அவன் வேலைத் துணிகளை ஊறப்போட உதறிக்கொண்டிருந்தவள், இதே கூண்டுப் பக்கம் சுருண்டு விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டார் அவளைக் கீழே படுக்கவைத்துவிட்டு அவனுக்குப் போன் செய்ய, காளான் பண்ணையிலிருந்து போட்ட சட்டையோடு ஓடி வந்தவன், நேரே மாடியேறிவிட்டான்.

கண்ணை இறுக மூடிக்கொண்டான். மிளகின் சிறகு ஒருமுறை படபடத்து அடங்கியது.

"ஐயோ!" என்று அவள் அவன் மார்பில் விழுந்தாள். சட்டைக்குள் முகம் புதைத்து, இழுத்து இழுத்துத் தேம்பினாள்.

"அழாதடி. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே உனக்கு ஒண்ணும் வராது." அவள் தலையை இன்னும் இறுக்கமாக அணைத்துக்கொண்டான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. டாக்டர்.

"எல்லாப் புறாவையும் ஒழிச்சுட்டேன் டாக்டர்! இனிமே பொழைச்சுக்குவாளா?"



"அவசரப்பட்டுட்டீங்களே! ரத்தத்துல புறாவால வந்த கோளாறு எதுவும் இல்ல. காளான் தூள்தான் ஒத்துக்காம இப்படிப் பண்ணியிருக்கு. ஆமா, உங்க வீட்ல யாராவது காளான் பண்ணையில வேலை பாக்கறாங்களா?"