லேசாக அடிப்பிடித்தது

கண்ணைத் திறந்தபோது அடிப்பிடித்திருந்தது.

அவள் சட்டென்று அடுப்பை அணைத்தாள். குனிந்து வாணலியைப் பார்த்தாள். மேலே இருந்தவை தப்பித்திருந்தன. அடியில் கிடந்த காளான்கள் கருகி ஒட்டிக்கொண்டிருந்தன.

வேண்டுதலைக் கொஞ்சம் சுருக்கமாக முடித்திருக்கலாம்.

வேறு காளான் இல்லை. பறித்தது அவ்வளவுதான்.

சுரண்டாமல் மேலாக வழித்துத் தட்டில் போட்டாள். கருகிய வாசம் அடங்கட்டும் என்று மிளகுத்தூளை அள்ளித் தூவினாள்.

கூடத்தில் கணவர் காத்திருந்தார். கழுத்தைச் சுற்றி மஃப்ளர். முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர்.

அவர் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதை நினைத்துக்கொண்டே தட்டைக் கையில் எடுத்தாள்.

*

குன்னூரில் தேயிலைக்கு ருசி பார்க்கிற உத்தியோகம் அவருக்கு. கோப்பைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு கரண்டி உறிஞ்சுவார். துப்புவார். குறை சொல்வார். இதில் புகை. இதில் பச்சை வாடை. இது மழையில் நனைந்த இலை.

குறை சொல்லிச் சம்பளம் வாங்கிய மனுஷன் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா?

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் சமையலை ஒரு தடவைகூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. இந்த நாக்குக்கு ஒரு பூட்டுக் கிடைக்காதா என்று அவளும் அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு. கட்டி கரைந்தது. ருசியும் கூடவே போனது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் அவர் எதைப் போட்டாலும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு என்றார்.

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு அழுகை வந்தது.

*

காளான் வளர்ப்பது அவருக்குப் பிடித்திருந்த பைத்தியம். ரிட்டயரானதும் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போனார். ஷிடாகே என்று ஒரு காளான் ரகத்தை வாங்கி வந்தார். மரத்தூளை அமுக்கி, காளான் விதை போட்டுக் கட்டிய பை. பெட் என்பார். அதை அலமாரியில் ஏற்றிவைத்த கையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவள் அதைப் பச்சைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். வெயில் படாமல், ஆட்டாமல், அசைக்காமல். முதலில் வெள்ளை பூத்தது. பிறகு பழுப்பாகி, தோல் தடித்து, சொறி பிடித்த மாதிரி ஆனது. காளான் மட்டும் வரவில்லை.

ஒரு மத்தியானம் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் டம்ளரில் வாங்கிக் குடித்தார்.

"நல்லா இருக்கு."

அவரைத் திட்ட முடியாது. சாமியைத் திட்டிப் பார்த்தாயிற்று. கைக்கு அகப்பட்டது அந்த பெட்தான். கொல்லைக் கதவைத் திறந்து ஓங்கி எறிந்தாள். அது துவைக்கிற கல்லில் மோதி, பை கிழிந்து, ஒழுகும் குழாயடியில் போய் விழுந்தது. தண்ணீர் அதன் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மழையும் சேர்ந்துகொண்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பாத்திரம் துலக்கப் போனவள் கையில் சாம்பலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

சொறி பிடித்த கட்டையைக் கீறிக்கொண்டு பழுப்புக் குடைகள். கொழுகொழுவென்று. மேலே வெடிப்பு வெடிப்பாக.

அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து காட்டினாள். அவர் அடைத்த குரலில் சிரித்தார்.

"பெட் முத்துனதுக்கப்புறம் பச்சத்தண்ணில ஊறப்போட்டு, ஓங்கித் தட்டணும்னு கிளாஸ்ல சொன்னாங்க பவளம். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

*

தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார்.

மெல்லுவதை நிறுத்தினார்.

அவள் வெந்நீர் டம்ளரை நீட்டினாள். தொண்டையில் அடைத்துக்கொண்டதோ என்று பயம்.

அவர் வேண்டாம் என்று கை காட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி மென்றார், மெதுவாக. உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுத்தார். கோப்பைகளுக்கு முன்னால் நிற்கும்போது அப்படித்தான் செய்வார்.

"என்ன, அடிப்பிடிக்க விட்டுட்டியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத மறைக்கத்தான மிளக இப்படி அள்ளிக் கொட்டிருக்க?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் பதறிப்போனார்.

"சரி சரி, அழாத. நல்லாத்தான் இருக்கு."

"ஐயோ, அத மட்டும் சொல்லாதீங்க."

மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு வாய் போட்டுட்டு, வேற என்னென்ன குறைன்னு சொல்லுங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இன்னொரு துண்டை எடுத்தார்.

வாயில் போட்டார். இந்தத் தடவை நெடுநேரம் மென்றார்.

"எண்ணெயும் பழசு."

உண்மைதான். நேற்று அப்பளம் பொரித்த எண்ணெய்.

யாருக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திறந்திருந்த கொல்லைக் கதவு வழியாகக் குழாயடியில் அந்தக் கட்டை தெரிந்தது.

அந்தப் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.