நாற்பத்தோராம் எண் முத்திரை

“ஒம்பதாயிரம் பீரங்கிக் குண்டு ஏத்துன கப்பலை, பாலக்கோட்டுல உக்காந்த எடத்துல இருந்தே ஒத்தை விரல்ல நிறுத்துனவன் நான்” என்றார் மாரப்பன், தக்காளிப் பெட்டி மேல் சிம்மாசனத்தில் இருப்பதைப் போல அமர்ந்துகொண்டு.

“போன வாரம் அஞ்சாயிரம்னீங்களே அண்ணா” என்றாள் தீர்த்தம்மாள், அழுகலைப் பொறுக்கியபடியே.

“குட்டி போட்டிருக்கும்மா.”

ஏலம் தொடங்க இன்னும் அரை மணி இருந்தது. மண்டியே சிரித்தது. பக்கத்துப் பெட்டியில் இருந்த கிருஷ்ணப்பன் மட்டும் சிரிக்கவில்லை. பீரங்கிக் குண்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருவரும் அடுத்தடுத்த மேஜையில் இருபத்தாறு வருடம் சோதனை வேலை பார்த்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்று, இப்போது அடுத்தடுத்த வயலில் தக்காளி போடுகிறார்கள்.

“எந்தக் கப்பலும் நிக்கல. அந்தப் போட்டோவே பொய். நம்ம குண்டு அங்கெல்லாம் போகவே இல்ல” என்றார் கிருஷ்ணப்பன், இடக்கையால் ஒரு தக்காளியைத் துடைத்துக்கொண்டு.

“பாக்காமயே பொய்யின்னா எப்படிங்க?” என்றாள் தீர்த்தம்மாள்.

உண்மைதான். மாரப்பன் செல்போனை நீட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அவர் ஒருவர்தான்.

படத்தில் ஒரு வெள்ளைத் தட்டு. அதில் கழுவி வைத்த இரும்புத் துண்டு. அதன் மேல் 2021 என்ற வருடம். கீழே இடப்பக்கம் சாய்ந்தபடி 41 என்ற எண். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கும் இந்த ஊர்ப்பெண் தெரசா அனுப்பியது. ஆறு வயதுப் பெண் குழந்தையின் தொடையிலிருந்து எடுத்த துண்டு. எல்லையில் மட்டுமே பயன்படுத்துவோம் என்று எழுதிக் கொடுத்து அந்த நாட்டு அரசாங்கம் நம்மிடம் வாங்கிய குண்டு, அதன் சொந்த மக்கள் கூடும் சந்தையில் விழுந்திருந்தது.

இதைப் பற்றி எம்.பி.க்கு மாரப்பன் எழுதிய கடிதம், அவர் சொல்படி நாற்பது பக்கம். தபால்காரர் சொல்படி ஒரே ஒரு இன்லேண்ட்.

“மாரப்பன் ஐயா யாருங்க?”

கையில் ஃபைலோடு நின்றிருந்தாள் ஒரு பெண். எம்.பி. ஆபீஸில் வேலை பார்க்கும் கலைமதி என்று சொல்லிக்கொண்டாள்.

“உங்க லெட்டரைப் பார்லிமென்ட் குழுவுல எடுத்துக்கிட்டாங்க ஐயா. அந்த நாட்டுக்குப் போக இருந்த அடுத்த கப்பலை, பதில் வர்ற வரைக்கும் நிறுத்தி வச்சிருக்காங்க.”

தீர்த்தம்மாளின் கையிலிருந்த அழுகல், நல்ல பெட்டியில் விழுந்தது.

“கேட்டியாடா கிருஷ்ணப்பா?” என்றார் மாரப்பன்.

“ஆனா குண்டை வித்தவங்க, அது எங்க குண்டே இல்ல, படம் ஜோடிச்சதுன்னு சொல்றாங்க” என்றாள் கலைமதி. “யாருக்கு எந்த நம்பர்னு இருக்கற ரிஜிஸ்டரைக் கேட்டா ரகசியம்ங்கறாங்க. நாளைக்குக் காலையில குழு கூடுது. இந்த நம்பரை அடிச்சவர், என்னுதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் மேல கேக்க முடியும். இல்லைன்னா கப்பல் கிளம்பிரும்.”

சோதனையாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் பொறித்த எஃகு முத்திரை உண்டு. தேறிய குண்டில் அதை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. அடுத்தவர் முத்திரையை யாரும் தொட மாட்டார்கள்.

“என்னுதுதாம்மா. பேனாவக் குடு” என்று வலக்கையை நீட்டினார் மாரப்பன்.

பேனாவைக் கொடுத்த கலைமதி ஃபைலைப் பார்த்தாள். “ரெண்டாயிரத்துப் பதினெட்டுலயே ரிட்டயர் ஆயிட்டேன்னு லெட்டர்ல நீங்களே எழுதியிருக்கீங்க. துண்டுல இருபத்தொண்ணுன்னு இருக்கே ஐயா.”

“ரிட்டயர் ஆனாலும் கை சும்மா இருக்குமா? பஸ் ஏறிப் போயி, செவுரு ஏறிக் குதிச்சு, ஒரு நாலாயிரம் அடிச்சுட்டு வந்தேன்.”

தீர்த்தம்மாள் சிரித்துவிட்டாள். கலைமதி சிரிக்கவில்லை.

“குழு முன்னால இது ஒரு நிமிஷம் நிக்காதுங்க. அடிச்சவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

மாரப்பன் தம் வாழ்நாளில் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுதான்.

கலைமதி ஃபைலை மூடினாள். “அப்ப நான் வர்றேங்க. உங்களச் சொல்லிக் குத்தமில்ல. அடிச்சவருக்குப் பென்ஷன் பயம் இருக்கும்.”

அவள் நாலு எட்டு வைத்திருப்பாள்.

“ஏம்மா” என்று கூப்பிட்டார் கிருஷ்ணப்பன். “அந்தக் கொழந்தை எப்படி இருக்குது?”

“ஒரு காலை எடுத்துட்டாங்க ஐயா.”

கிருஷ்ணப்பன் மாரப்பனின் செல்போனை முதல் முறையாகக் கையில் வாங்கினார். படத்தில் சாய்ந்திருந்த 41-ஐப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, மாரப்பன் விரல்களுக்கு இடையில் இருந்த பேனாவை உருவினார்.

மாரப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “வேணாம்டா. நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்துக்கிட்டது போதும்” என்று கையை விடுவித்துக்கொண்டார் கிருஷ்ணப்பன். பேனா அவருடைய இடக்கையில் இருந்தது.

“நாப்பத்தொண்ணு என் நம்பரு. எங்க பேக்டரியிலயே இடக்கையால சுத்தியல் பிடிச்சவன் நான் ஒருத்தன்தாம்மா, அதான் இடப்பக்கம் சாஞ்சிருக்குது. அது தெரிஞ்சுதான் இவன், என்னைக் காட்டிக் குடுக்காம, ஊரெல்லாம் தன் பேரைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். எங்க கையெழுத்துப் போடணும், காட்டு. நடந்தது நெசம்.”